வெனீர் ஒட்டுன பல்லுல சொத்தை: கழட்டறதா, ஓரத்தை மட்டும் பார்க்கறதா?

கோபி_பல்கிளினிக்

வணக்கமுங்க. ஒரு கேஸ் பத்திக் கேட்கோணும். வயசு 34. மேல் முன்பல் நாலுலயும் (12, 11, 21, 22; அதாவது வலது பக்கம் ரெண்டாவது, முதல் பல்லு, இடது பக்கம் முதல், ரெண்டாவது) போர்சலின் வெனீர் (பல்லு முகத்துல ஒட்டற மெல்லிசான பீங்கான் ஓடு), ஒட்டி ஆறு வருசம். 11-ல ஈறோரமா மெல்லிசா ஒரு பழுப்புக் கோடு. 21-ல, 22-ஐத் தொடுற பக்கம், உள்ளுக்குள்ள சாம்பல் நிழல் தெரியுது. அங்க ஃப்ளாஸ் விட்டா நூல் நார் நாராப் பிரிஞ்சு வருது. ஐஸ் தண்ணிக்குச் சுருக்குன்னு பிடிச்சு நாலஞ்சு நொடியில விட்டுருது. ராத்திரி வலி இல்லை, கடிச்சாலும் இல்லை. எந்தப் பீங்கான்னு சீட்டு எதுவும் கையில இல்லை. வெனீரை உடைக்காம முடியுமான்னு கேட்கறாங்க. எனக்கும் அதேதானுங்க கேள்வி.

ஈரோடு_கன்சர்வேடிவ்

பீங்கானுக்குச் சொத்தை வராது தம்பி. வர்றது பல்லுக்கு. அதனால "வெனீர்ல சொத்தை"ன்னு எழுதி வைக்காதீங்க, சொத்தை ஒட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குதுன்னு எழுதுங்க. சிகிச்சை அதுல இருந்துதான் பிறக்கும். ஈறோரத்துல வெனீர் முடியற விளிம்பு, ரெண்டு பல்லு தொட்டுக்கற பக்கம், நாக்குப் பக்கம், கடைசியா வெனீருக்கு நேர் அடியில. இந்த நாலுல முதல் மூணுக்கும் பெரும்பாலும் வெனீரைக் கழட்ட வேண்டி வராது. நாலாவதுக்குத்தான் வேற வழி இருக்காது.

11-ஐ முதல்ல பாருங்க. பல்லைச் சுத்தம் பண்ணி, அஞ்சு நொடி காத்தடிச்சு உலர்த்தி, லூப்ஸ் (பெரிசாக் காட்டற கண்ணாடி) போட்டுப் பாருங்க. ப்ரோபை (கூர்முனைக் கருவி) அழுத்தாம ஓரத்து மேல சும்மா இழுக்கோணும். வழுவழுன்னு போனா சிமெண்ட் (வெனீரை ஒட்டற பசை) கோடு கறை பிடிச்சிருக்குது, அவ்வளவுதான். சொரசொரப்பா, சாக்கட்டி மாதிரி மங்கலா, முனை லேசாச் சிக்குதுன்னா சொத்தை. குத்திப் பார்க்கற பழக்கத்தை விட்டுருங்க. ஆரம்பச் சொத்தையில இன்னும் உடையாம இருக்கற எனாமலை (பல்லோட வெளி ஓடு) அது உடைச்சுரும்.

21-க்கு லைட் அடிச்சுப் பாருங்க. பல்லு முகத்துப் பக்கம் வெள்ளை ஃபைபர் லைட், நாக்குப் பக்கம் கண்ணாடி. சொத்தை இருக்கற இடம் கறுப்பா நிழல் விழும். அப்புறம் ஒரு ஆர்விஜி (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே). ஒண்ணு ஞாபகம் வையுங்க: முன்பல் எக்ஸ்ரேயில கதிர் வெனீரையும் பல்லையும் சேர்த்துத் துளைச்சு வருது. தொடுற பக்கத்துச் சொத்தை நல்லாத் தெரியும், வெனீருக்கு நேர் பின்னால இருக்கறது தெரியாமப் போகலாம். எக்ஸ்ரே சுத்தமா இருக்குதுன்னு விட்டுரக்கூடாது.

சிங்காநல்லூர்_செராமிக்

ஏனுங்க டாக்டர், அந்த எக்ஸ்ரேயிலயே பீங்கான் வகையும் ஓரளவு பிடிபடும். வெனீர் உலோகம் மாதிரி பளிச்சுன்னு வெள்ளையா விழுந்தா சிர்கோனியா. லித்தியம் டைசிலிகேட்னா, நீங்க எமேக்ஸ்ங்கறது, மிதமா வெளுப்பா விழும். ஃபெல்ட்ஸ்பதிக் அடுக்கிச் சுட்டதா இருந்தா பல்லுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. கண்ணால பார்த்து மட்டும் முடிவு பண்ணீராதீங்க, மேல கிளேஸ் (மினுக்குப் பூச்சு) போட்டுட்டா எங்களுக்கே குழப்பம்தான்.

வகை தெரிஞ்சாகோணும், ஏன்னா ரிப்பேருக்குப் பீங்கானைச் சொரசொரப்பாக்கி ஒட்டறதுல அதுதான் கணக்கு. எமேக்ஸுக்கு 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் 20 நொடி. ஃபெல்ட்ஸ்பதிக்குக்கு 9 முதல் 10 சதவீதம், 60 முதல் 90 நொடி. எமேக்ஸை அவ்வளவு நேரம் விட்டா மேற்பரப்பு அரிச்சுப் பலவீனமாயிரும். சிர்கோனியாவை அந்த ஆசிட் ஒண்ணுமே பண்ணாது, அதுக்கு மணல் அடிச்சு எம்டிபி (சிர்கோனியாவைப் பிடிக்கற வேதிப்பொருள்) இருக்கற ப்ரைமர் போடோணும்.

பல்லடம்_டெய்லர்

நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கோணும். எனக்கும் வெனீர் இருக்குதுங்க. ஓரத்துல பழுப்புக் கோடு வந்தா கரித்தூளும் உப்பும் வெச்சுத் தேய்ச்சாப் போயிருமுங்களா?

ஈரோடு_கன்சர்வேடிவ்

கோடு போகாது, அண்ணா. பீங்கானோட பளபளப்புப் போகும், ஓரத்துச் சிமெண்ட் இன்னும் குழியாகும். சிமெண்டு பீங்கானை விட மெத்து, அதுதான் முதல்ல தேயும். குழியான இடத்துல டீக்கறை இன்னும் சீக்கிரம் தங்கும். டாக்டர் ஒருத்தர் ரப்பர் கப், பாலிஷ் பேஸ்ட் வெச்சு எடுக்கட்டும்.

பனியன் கம்பெனியில தையல்னா இன்னொண்ணு: நூலைப் பல்லுல கடிச்சு அறுக்காதீங்க, டிரிம்மர் எடுத்துக்குங்க. வெனீர் முனை சில்லுத் தெறிக்கறதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்குது. பொங்கல் கரும்பும் அப்படித்தான், முன்பல்லுல உரிக்க வேண்டாம்.

தர்மபுரி_நீர்பல்

கோபி தம்பி, இந்த வெனீரை எதுக்கு ஒட்டினாங்கன்னு கேட்டீங்களா? நம்ம பக்கத்துல அந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலத்துப் பக்கம் போர்த் தண்ணியில ஃபுளோரைடு அதிகம். குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கோணும், வேற தண்ணி இல்லாட்டி 1.5 வரைக்கும்னு இந்தியத் தர அளவு சொல்லுது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துப் பேருலயே ஃபுளோரோசிஸ் தணிப்புன்னு சேர்த்துத்தான் வெச்சிருக்கறாங்க. சின்ன வயசுல அந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களுக்குப் பல்லுல பழுப்புத் திட்டு வரும். அதை மறைக்கத்தான் பாதிப் பேரு வெனீருக்கு வர்றாங்க.

ஃபுளோரோசிஸ் எனாமல் மேல்தோல் ஆசிட்டுக்கு மசியாது, அதுக்கு அடியில இருக்கறதோ சல்லடை. மத்தவங்களுக்கு விடற மாதிரி 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் 30 நொடி விட்டா எட்ச் (ஒட்டுப் பிடிக்க ஆசிட்ல சொரசொரப்பாக்கறது) சரியா ஏறாது. மேல்தோலை பர்ல (பல்லைச் சீவற சுழல் முனை) லேசா எடுத்துட்டு, 60 நொடிக்குக் குறையாம விடோணும். அப்படிச் செய்யாம ஒட்டின வெனீர்ல ஒட்டு ஓரத்துல இருந்து கசிய ஆரம்பிக்கும். ஃபுளோரைடு ஏறின பல்லுக்குச் சொத்தையே வராதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது. லேசான ஃபுளோரோசிஸ்ல ஓரளவு உண்மை. குழி விழுந்த கடுமையான வகையில எச்சம் தங்கி நல்லாவே சொத்தை வரும்.

மத்த பல்லுகளையும், முக்கியமா கடைவாயில, பாருங்க. அங்கயும் திட்டு இருந்தா ரிப்பேர் பண்ணும்போது எட்ச் நேரத்தைக் கூட்டிக்குங்க.

கோபி_பல்கிளினிக்

பார்த்தேனுங்க. கீழ்ப் பல்லுல லேசான வெள்ளைத் திட்டு இருக்குது, பழுப்பு இல்லை. 11-ல ப்ரோப் வழுக்கிட்டே போகுது, கறைதான். 21-ல ஆர்விஜியில தொடுற பக்கம் டென்டினுக்குள்ள (எனாமலுக்கு அடியில இருக்கற அடுக்கு) ஒரு மூணுல ஒரு பங்கு தூரம் கறுப்பு. பல்ப் (பல்லு நடுவுல நரம்பு இருக்கற பகுதி) கிட்டப் போகலை. வெனீர் பளிச்சுன்னு இல்லை, மிதமான வெளுப்பு.

கரூர்_வேர்சிகிச்சை

கை வெக்கறதுக்கு முன்னாடி பல்ப் உயிரோட இருக்குதான்னு பாருங்க. கோல்ட் டெஸ்டை (குளிர் வெச்சுப் பார்க்கறது) நாக்குப் பக்கம் வெக்கோணும். முகத்துப் பக்கம் பீங்கான் மேல வெச்சா குளிர்ச்சி உள்ள போகாது, செத்த பல்லுன்னு தப்பா எழுதிருவீங்க. எலெக்ட்ரிக் டெஸ்டர் பீங்கான்ல வேலைக்கே ஆகாது. பக்கத்துப் பல்லுலயும் வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. குளிர் எடுத்த பொறகும் அரை நிமிஷத்துக்கு மேல வலி நின்னா கதை வேற. நாலஞ்சு நொடின்னா பல்ப் பிழைச்சுக்கும்.

ஈரோடு_கன்சர்வேடிவ்

அப்போ 21-ஐ நாக்குப் பக்கமாத் திறங்க, வெனீர் அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா இதுல தப்புப் பண்றது சின்னச் சின்ன இடத்துலதான்.

ரப்பர் டேம் (எச்சில் படாமப் பல்லைச் சுத்திக் கட்டற ரப்பர் விரிப்பு) போடறதுக்கு முன்னாடி ஷேட் (பல்லு நிறம்) எடுத்துக்குங்க. டேம் போட்டுப் பத்து நிமிஷம் ஆனா பல்லு உலர்ந்து வெளுத்துரும், அதுக்குப் பொருத்தினா நாளைக்குத் திட்டாத் தெரியும். சந்தேகமா இருந்தா கம்போசிட்டை (பல்லு நிறத்து ரெசின் அடைப்பு) கடுகளவு உருட்டி, பாண்ட் (ஒட்டுத் திரவம்) போடாம வெச்சு லைட் அடிச்சுப் பாருங்க. பொறகு ஊசிமுனையில தட்டினா வந்துரும்.

டேம் 13-ல இருந்து 23 வரைக்கும். 22-ஓட பக்கத்துக்கு ஒரு உலோக ஸ்ட்ரிப் வெச்சுக் காப்பாத்துங்க, பர் பட்டுக் கோடு விழுந்தா அடுத்த சொத்தை அங்கதான். நாக்குப் பக்கம் ஓரக்கோட்டுக்கு உள்ளாற சின்ன டைமண்ட்ல எனாமலைத் திறந்துட்டு, மெதுவான வேகத்துல உருண்டை கார்பைடு பர். சுத்தி விளிம்பு முழுக்கக் கெட்டியான டென்டின் வர்ற வரைக்கும் எடுங்க. பல்ப் பக்கம் மட்டும் தோல் மாதிரி இழுவையா இருக்கறதை விட்டுருங்க. சொத்தையைக் காட்டற சாயம் போட்டுப் பார்க்கறவங்க கவனிங்க: பல்ப் கிட்ட நல்ல டென்டினும் சாயம் பிடிக்கும், சாயத்தைத் துரத்திட்டே போய் பல்ப்பைத் திறந்தவங்க நிறைய.

முகத்துப் பக்கமாப் போகும்போது கை உணர்த்தும். டென்டின் சுருளாச் சீவிட்டு வரும். சிமெண்ட் வந்ததும் பர் சுருள் விடாது, மாவா உதிரும். பீங்கான் தட்டுப்பட்டா கிறீச்சுன்னு வழுக்கும். சிமெண்ட் வந்த இடத்துல நிறுத்துங்க. அதுக்கப்பால இருக்கறது அரை மில்லிமீட்டர் பீங்கான், பின்னால தாங்கல் இல்லாம நிக்கறது. அதிவேகப் பர்ல ஒரு தொடல் போதும், முகத்துல கீத்து விழுந்துரும்.

இப்போ அந்தப் பழைய சிமெண்ட் மேலதான் புதுக் கம்போசிட் ஒட்டோணும். சும்மா பாண்ட் தடவினா பிடிக்காது. 50 மைக்ரான் அலுமினா, குறைச்சலான அழுத்தத்துல ரெண்டு மூணு நொடி அடிச்சு, அது மேல மட்டும் சைலேன் (பீங்கானையும் ரெசினையும் இணைக்கற திரவம்) தடவி ஒரு நிமிஷம் உலர விடுங்க. எனாமலுக்கு பாஸ்பாரிக் ஆசிட் 30 நொடி (கீழ்ப் பல்லுல திட்டு இருக்கறதால நான் 60 விடுவேன்), டென்டினுக்கு 15-க்கு மேல வேண்டாம். எனாமல்ல முதல்ல வெச்சுட்டு, கடைசி 15 நொடிக்கு மட்டும் டென்டின்ல பரப்புங்க. கழுவி, டென்டினை எலும்பா உலர்த்தாம ஈரப் பளபளப்போட விட்டு, பாண்ட். பக்கத்துப் பல்லுக்கு டெஃப்லான் டேப்.

வெனீருக்குப் பின்னால முதல் அடுக்கு மட்டும் கொஞ்சம் ஒளிபுகாத ஷேட். இல்லாட்டி சாம்பல் நிழல் போகாது, "அடைச்சும் கறுப்பாவே இருக்குது"ன்னு திரும்பி வருவாங்க. அடுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம்.

கோவை_ப்ராஸ்தோ

பழைய சிமெண்ட் பெயர்ந்து வெறும் பீங்கான் பின்பக்கம் தெரிஞ்சா? அப்போ ஹைட்ரோஃபுளோரிக் போட்டே ஆகோணும். 20 நொடி, டேம் போட்டு, சுத்தி லிக்விட் டேம் (ஈறைக் காக்கத் தடவி இறுக வெக்கற ரெசின்) கட்டி.

கரூர்_வேர்சிகிச்சை

வாய்க்குள்ள அதை நான் ஒத்துக்க மாட்டேனுங்க. அந்த ஆசிட் பட்ட உடனே எரியாது, 5 சதவீதமே சில மணி நேரம் கழிச்சுத்தான் வலியைக் காட்டும். அதுக்குள்ள திசுவுல இருக்கற கால்சியத்தைப் பிடிச்சுட்டு உள்ள போயிருக்கும். உங்க கிளினிக்ல அதுக்கு மருந்தான கால்சியம் குளுகோனேட் 2.5 சதவீத ஜெல் இருக்குதா? கேட்டா பத்துல ஒம்போது பேரு இனிமேதான் வாங்கோணும்பாங்க. டென்டின்ல பட்டாலும் சிக்கல், கால்சியம் ஃபுளோரைடு படிஞ்சு பாண்ட் பிடிக்காது.

கோவை_ப்ராஸ்தோ

ஜெல் இல்லாதவங்க போட வேண்டாம், அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவங்களுக்கு மோனோபாண்ட் எட்ச் அண்ட் ப்ரைம் இருக்குது. பீங்கான்ல மட்டும் 20 நொடி தேய்ச்சு, 40 நொடி விட்டு, கழுவி உலர்த்தினா எட்சும் சைலேனும் ஒரே வேலையில முடியும். பிடிப்பு ஹைட்ரோஃபுளோரிக் அளவுக்கு வருமாங்கறதுல நாம ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் சண்டை போடலாம், வாய்க்குள்ள ஆபத்து குறைச்சல்ங்கறதுல சண்டை இல்லை. எதைப் போட்டாலும் வரிசை முக்கியம்: முதல்ல பீங்கான், அப்போ பல்லை டெஃப்லான்ல மூடி வெக்கோணும். கழுவின பொறகு பல்லுக்கு பாஸ்பாரிக்.

பொள்ளாச்சி_பிஜி

சொத்தை வெனீருக்கு நேர் அடியிலயே இருந்துச்சுன்னா கழட்டறது எப்படிங்க? கிரவுன் (பல்லு மேல போடற மூடி) கழட்டற ரிமூவர் வெச்சுத் தட்டலாமா?

கோவை_ப்ராஸ்தோ

தட்டாதீங்க! ஒட்டு எனாமலைப் பிடிச்சுட்டு இருக்குது, தட்டினா பீங்கானோட எனாமலும் சேர்ந்து பெயரும்.

கழட்டியே ஆகோணும்ங்கறது எப்போன்னா: ஓரத்துல ப்ரோப் வெச்சா வெனீர் அசையுது, அழுத்தினா ஓரத்துல எச்சில் குமிழி விடுது, இல்லாட்டி நிழல் முகத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல பரவியிருக்குது. இதுல ஏதாச்சும் ஒண்ணு இருந்தா ஒட்டுப்போடறது காசுக்கும் நேரத்துக்கும் நட்டம்.

டைமண்ட் பர், தண்ணியோட. நடுவுல மேலிருந்து கீழ ஒரு கோடு, பீங்கான் கனம் வரைக்கும் மட்டும். பொறகு தட்டையான கருவியை அந்தக் கோட்டுல வெச்சு லேசாத் திருகினா துண்டு துண்டா வரும். கஷ்டம் எங்கன்னா, சிமெண்டும் பல்லும் ஒரே நிறம். ஈரத்துல தெரியவே தெரியாது. அடிக்கடி காத்தடிச்சு உலர்த்துங்க, எனாமல் மங்கும், சிமெண்ட் மினுக்கும். 405 நானோமீட்டர் ஊதா டார்ச் இருந்தா இன்னும் நல்லது, நிறையக் கம்போசிட் அதுல ஒளிரும். இதைப் பார்க்காமச் சீவிட்டுப் போனா எனாமல் காலி, மறு வெனீர் ஒட்டறதுக்கு டென்டின்தான் மிச்சம்.

எர்பியம் யாக் லேசர் (2940 நானோமீட்டர்) வெச்சிருக்கற இடத்துல வெனீர் முழுசாவே வந்துரும். பீங்கானைக் கடந்து போய்ச் சிமெண்டைத்தான் அது இளக வெக்குது. ஆனா முழுசா வந்ததேன்னு அதையே திரும்ப ஒட்டலாம்னு நினைக்காதீங்க. சொத்தையை எடுத்த பொறகு பல்லோட வடிவம் மாறியிருக்கும், பழைய வெனீர் உக்காராது.

எடுத்த பொறகு குழியைக் கம்போசிட்ல நிரப்பி, வெட்டின டென்டின் மேல அன்னைக்கே பாண்ட் போட்டு மூடிட்டு அளவெடுங்க. பாதிக்கு மேல எனாமல் இருந்து, ஓரமும் எனாமல்ல முடிஞ்சா மறுபடி வெனீர். இல்லாட்டி கிரவுன். கிரவுனுக்குப் பல்லுல பாதிக்கும் மேல சீவியாகோணும், அதனாலதான் அந்த வழிக்கு அவசரப்பட வேண்டாம்ங்கறது. தற்காலிகமா ஒட்டறதுக்கு யூஜினால் (கிராம்பு எண்ணெய்ச் சத்து) இருக்கற சிமெண்ட் கூடாது, அப்புறம் ரெசின் இறுகாது.

சிங்காநல்லூர்_செராமிக்

லேபுக்கு அனுப்பும்போது சொத்தை எடுத்த பொறகு இருக்கற பல்லு நிறத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, ஷேட் கட்டையைப் பக்கத்துல வெச்சு. 0.3 மில்லிமீட்டர் கனத்துல வெனீர் கேட்டுட்டு அடியில கறுப்பா இருந்தா நாங்க என்ன வெச்சாலும் தெரியத்தான் செய்யும். கறுப்பை மறைக்க 0.7 ஆச்சும் இடம் வேணும், இல்லாட்டி நீங்களே ஒளிபுகாத கம்போசிட்ல மூடி அனுப்போணும்.

கரூர்_வேர்சிகிச்சை

பல்ப் வரைக்கும் போயிருந்தா வேர் சிகிச்சையும் நாக்குப் பக்கமாவே பண்ணலாம், அதுக்காக வெனீரை எடுக்கறதில்லை. ஆனா பல்லு உள்ளுக்குள்ள கறுத்தா வெனீர் வழியா அசிங்கமாத் தெரியும். சீலரை (வேர்க்குழாயை அடைக்கற பசை) ஈறு மட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் உள்ள, வேர்ப் பக்கம் வரைக்கும் துடைச்சு எடுங்க. மினோசைக்ளின் (ஆன்டிபயாடிக்) இருக்கற பேஸ்ட், சாம்பல் எம்டிஏ (வேர் சிகிச்சைச் சிமெண்ட்) ரெண்டும் முன்பல்லுக்கு ஆகாது. அப்படியும் கறுத்தா உள்ள சோடியம் பெர்போரேட் வெச்சு வெளுக்கலாம், வாரம் ஒரு தடவை மாத்தி. வெளுத்த உடனே கம்போசிட் அடைக்காதீங்க, ரெண்டு வாரம் விடுங்க. மிஞ்சின ஆக்சிஜன் இருக்கற வரைக்கும் பாண்ட் பிடிக்காது.

பல்லடம்_டெய்லர்

திரும்பவும் சொத்தை வராம இருக்க நாங்க என்னங்க பண்ணோணும்? நைட் ஷிப்ட்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டீ.

தர்மபுரி_நீர்பல்

அந்த டீதானுங்க. சர்க்கரை வாயில பட்டா அரை மணி நேரம் போல ஆசிட் நிக்கும். எனாமல் பிஹெச் (அமில அளவு, எண் குறைஞ்சா அமிலம் கூடுது) 5.5-லயே கரைய ஆரம்பிக்கும், ஈறு இறங்கி வேர் தெரியற இடம் அதுக்கு முன்னாடியே, 6-க்கு மேலயே. ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் வெச்சு உறிஞ்சறது, ஒரே மூச்சுல குடிக்கறதை விட மோசம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டின்னு மாத்தினாலும் பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர் போன கவுந்தப்பாடிக்காரங்க கோவிச்சுக்க வேண்டாம்.

குடிச்சதும் வாயைத் தண்ணியில கொப்பளிங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட், மெத்து பிரஷ், துப்பிட்டு விட்டுருங்க, கழுவ வேண்டாம். ஃப்ளாஸ் போட்டா வெனீர் கழண்டுருமோன்னு பயப்படறாங்க. சரியா ஒட்டினது கழலாது. ஆனா போன வழியாவே இழுத்து எடுக்காம, பக்கவாட்டுல உருவி எடுங்க.

டாக்டருங்களுக்கு ஒண்ணு: வெனீர் இருக்கறவங்களுக்கு ஏபிஎஃப் ஜெல் (ஆசிட் கலந்த ஃபுளோரைடு ஜெல்) போடாதீங்க. அந்த ஆசிட் பீங்கானை அரிச்சு மங்க வெச்சுரும். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் போடுங்க. எஸ்டிஎஃப்பும் (வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்து) முன்பல்லுல வேண்டாம், சொத்தை நின்னாலும் கரியாட்டம் கறுத்துரும். க்ளீனிங் பண்ணும்போது அல்ட்ராசோனிக் முனையை வெனீர் ஓரத்துல வெக்கக்கூடாதுன்னு அசிஸ்டென்ட்டுக்கும் சொல்லி வையுங்க.

கோபி_பல்கிளினிக்

எல்லாருக்கும் நன்றிங்க. 21-ஐ நாக்குப் பக்கமாத் திறந்து முடிச்சாச்சு. சிமெண்ட் கெட்டியா இருந்துச்சு, பீங்கான் தெரியலை, ஹைட்ரோஃபுளோரிக் தேவைப்படலை. 11-ல ரப்பர் கப்ல கறை போயிருச்சு. திறந்தப்போ 22-ஓட பக்கம் நேராத் தெரிஞ்சுது: அங்க வெனீர் விளிம்பை ஒட்டி மங்கலான வெள்ளைப் புள்ளி, குழி இல்லை. அதையும் இப்பவே அடைச்சுறட்டுமா?

ஈரோடு_கன்சர்வேடிவ்

வேண்டாம் தம்பி. குழி விழாத வெள்ளைப் புள்ளியில பர் வெக்காதீங்க. வார்னிஷ் தடவி விட்டுருங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஆறாவது மாசம் அதே கோணத்துல ஒரு ஆர்விஜி எடுத்து இன்னைக்கு எடுத்ததோட வெச்சுப் பாருங்க. 21-ல ஈறோரம் ரத்தம் கசிஞ்சுதா? ரத்தம் நிக்க ஃபெரிக் சல்பேட் ஏதும் வெச்சீங்களா?

கோபி_பல்கிளினிக்

லேசாக் கசிஞ்சுதுங்க. அலுமினியம் குளோரைடு நூல்தான் வெச்சேன், எட்சுக்கு முன்னாடி நல்லாக் கழுவிட்டேன்.

ஈரோடு_கன்சர்வேடிவ்

அப்போ சரி. ஃபெரிக்னா ஓரத்துல கறுப்பு இறங்கியிருக்கும். கடைசி பாலிஷை நாளைக்கு வெச்சுக்குங்க, பல்லு ஈரம் பிடிச்ச பொறகுதான் ஷேட் பொருந்துதான்னு தெரியும்.